போட்டோவில் இருந்த உதடு

ஆர்த்தியின் உதட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெல்லிய உதடு. சிரித்தால் மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும். அதைக் குறையாக்கியது அவளுடைய சொந்த அக்கா அபிநயாதான்.

அபிநயா செங்கம் ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். பார்லரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஆள் சேர்க்க, தங்கையை உட்காரவைத்துப் படம் எடுத்து, ஃபில்டரில் உதட்டை மட்டும் கொஞ்சம் தடிக்க வைத்துப் போட்டாள். லைக் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் படத்தில் மயங்கினான் போளூர் விமல்ராஜ். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் சொல்லி ஜாதகம் கேட்க வைத்தான். அதுவும் பொருந்திவிட்டது. அபிநயாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குத் தன்னால்தான் வரன் வந்தது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

"நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலம் வர்றோம். அடி அண்ணாமலை வழியாத்தானே வரணும், அப்படியே பொண்ணையும் பாத்துட்டுப் போறோம்" என்று அவர்கள் போன் செய்த பிறகுதான் ஆர்த்தி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது நான் இல்லையேக்கா. நேர்ல பாத்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு சொன்னா, அப்பா மூஞ்சை எங்க கொண்டுபோய் வச்சிக்குவாரு?"

"இவ்ளோதானே. அந்த உதட்டையே கொண்டாந்துட்டா போச்சு."

சென்னையில் இரண்டு நாள் வகுப்பு, சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட், உதட்டைத் தடிக்க வைக்க ஆன்லைனில் வாங்கிய ஃபில்லர் மருந்து. இந்த விஷயத்தில் அபிநயாவின் படிப்பு இவ்வளவுதான். வகுப்பு எடுத்தவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் உதடு வெளுக்கும், அப்புறம் ஊதாவாகும். உடனே மருந்தைக் கரைக்கிற ஊசி போடாவிட்டால் அந்த இடம் செத்துப்போகும். வலி நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள், செத்த சதைக்கு வலிக்காது. கரைக்கிற ஊசியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அபிநயா விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஊசி போட்டாள். மேலுதட்டின் இடது ஓரம் சுண்ணாம்பாக வெளுத்தது. தேய்த்துவிட்டாள். நிறம் திரும்பியது போலிருந்தது. திரும்பிவிட்டது என்றே நம்பிக்கொண்டாள்.

பௌர்ணமியன்று காலையில் அதே இடத்தில் ஊதா நிறம் வலைபோலப் படர்ந்திருந்தது.

"விண்ணு விண்ணுனு தெறிக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமா?"

அது என்னவென்று அபிநயாவுக்குத் தெரியும். வீட்டுக்கு எதிரிலேயே டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் இந்த ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். ஏறினால் பிழைத்தாள் தங்கை. ஆனால் ஊசி போட்டது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். பார்லருக்கு அன்றோடு மூடுவிழா. போளூர்க்காரர்கள் வரும்போது பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பாள்.

"வீக்கம்தான்டி. ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்கோ."

அரக்கு நிற லிப்ஸ்டிக்கை எடுத்து இரண்டு பூச்சு பூசினாள். ஆர்த்தி தலையாட்டினாள். அக்கா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. பஸ் கிளம்பிப் போனது.

காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெறுங்காலோடு நடந்து வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை ஆர்த்தி பட்டுப்புடவையோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள், லிப்ஸ்டிக் கலைந்துவிடும் என்று.

விமல்ராஜின் அம்மா அவள் முகவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோல பாத்த மாதிரியே இருக்கா."

விமல்ராஜ் தரையைப் பார்த்துச் சிரித்தான். பெண்களின் அப்பா கோதண்டராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், மனுஷனுக்கு எதுவும் தெரியாது.

கை கழுவுகிற சாக்கில் விமல்ராஜின் தங்கை மதிவதனி அபிநயாவின் பின்னாலேயே கொல்லைக்கு வந்தாள்.

"அண்ணிக்குப் போட்டிருக்கறது ஃபில்லர்தானேக்கா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கும் ஒருநாள் போட்டு விடறீங்களா? எனக்கு மேலுதடு ரொம்ப கம்மி."

அவளுக்கு ஆர்த்தியின் உதடு மாதிரியே மெல்லிய உதடு. அபிநயாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பாக்கலாம்மா" என்றாள்.

அவர்கள் மறுபடி நடக்கக் கிளம்பியதும் தங்கையை அறைக்குள் அழைத்துப்போய், பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். அரக்கு போனது. அடியில் இருந்த கறுப்பு போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். ஆர்த்தி முகம்கூடச் சுளிக்கவில்லை.

"வலிக்கலையா?"

"இல்லக்கா. மத்தியானத்துலருந்தே வலி இல்ல. நீ சொன்ன மாதிரியே சரியாப் போச்சு."

ஆர்த்தி சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

அபிநயா பஞ்சைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "அப்பா, ஆர்த்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். இப்பவே."

கோதண்டராமன் ரோட்டைப் பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஜனம் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் நுழையக்கூட வழியில்லை.

"இப்ப ஏதும்மா வண்டி?" என்றார் அவர். "காத்தாலயே சொல்லியிருந்தா பஸ்லயே போயிருக்கலாமே."