திரையை அணைத்த வக்கீலம்மா

சட்டக் கல்லூரியில் அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வாய் மட்டும் முதல் வருஷமே தொழிலைத் தொடங்கிவிட்டது. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது குரலைக் குழைத்துப் பேசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிச்சம் இருந்தது ஒரே தாள், ஒப்பந்தச் சட்டம். போன வருஷம் அதில் கோட்டை விட்டாள். இந்த முறையும் போனால் மறுபடி எழுத விதியில் இடமில்லை. இத்தனை வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதான்.

கோட்டை விட்டதற்குக் காரணம் அவள் மூளை இல்லை, பேராசிரியையின் நாக்கு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஒதுக்கிய தனி அறையில் கணினி கேள்வியைக் காதில் வாசிக்கும், அவள் பதிலைத் தட்டுவாள். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையைப் படித்தபடி உச்சுக் கொட்டினார். ஒரு பத்தி முடிந்தால் ஒரு உச்சு. தப்பாக எழுதிவிட்டோம் போலிருக்கிறது என்று அழித்து மாற்றி எழுதினாள். அதற்கும் ஒரு உச்சு. கடைசியில் எதை வைத்தோம், எதை அழித்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

இந்த வருஷமும் மேற்பார்வைக்கு அதே அம்மாள். வக்கீலம்மா முன்னெச்சரிக்கையாக இரண்டு காதையும் மூடும் பெரிய ஹெட்போன் வாங்கி வந்திருந்தாள். அதோடு விடவில்லை. பல்கலைக்கழகத்தின் உதவித் தொழில்நுட்ப மையத்தில் இந்தக் கணினிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு எந்நேரமும் கழுத்தில் கேபிள் தொங்கும். அதனால் பெயர் ஒயர். அவரைப் பிடித்தாள்.

"அண்ணா, திரைய இருட்டாக்கிடுங்க. எனக்குக் குரல் மட்டும் போதும்."

"மேடம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடவா?"

"எதுக்கு? நான் திரையப் பாக்கறதில்லன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

ஒயர் ஒரு விசையைத் தட்டித் திரையை அணைத்துவிட்டு, அடுத்த அறையில் மக்கர் செய்த கணினியைப் பார்க்கப் போனார்.

தேர்வு வெண்ணெயாகப் போனது. அவள் வைத்திருந்த வேகத்தில் கணினியின் குரலை வேறு யார் கேட்டாலும் கொசு கத்துகிறது என்பார்கள். மூன்று பதில் முடிந்தது. கடைசிக் கேள்வி: எதிராளி பதிலே சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமா? அல்வா மாதிரிக் கேள்வி. பாதி தட்டியிருப்பாள், காதில் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் சத்தமில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"மனச விட்டுடாதம்மா," என்றார் பேராசிரியை.

"என்ன மேடம் ஆச்சு?"

"மெஷின் ஆரம்பத்துலேருந்தே செத்துக் கெடக்கு. திரை ஒரே கருப்பு. பாவம், நீ அது தெரியாமலே தட்டிட்டிருந்த. எனக்குச் சொல்ல மனசு வரல. இவ்வளவு நேரம் தவிச்சுட்டு, கடைசியில நானே பட்டன அமுக்கி நிறுத்திட்டேன். திரும்பப் போட்டா உயிர் வந்துடும்ல?"

"உயிரோடதான் மேடம் இருந்துச்சு. இப்பதான் கொன்னிருக்கீங்க."

அவள் போட்ட சத்தத்தில் ஒயர் ஓடி வந்து கணினியைப் போட்டார். அது எழுந்து சோம்பல் முறிக்க ஒரு யுகம் ஆனது. பிறகு காதில் கொசு கத்தியது: மீட்கப்பட்ட கோப்பு ஒன்று உள்ளது. திறந்தாள். முதல் மூன்று பதிலும் அப்படியே இருந்தன. நான்காவது மட்டும் ஆரம்பத்தோடு நின்றிருந்தது. அவள் அழுதேவிட்டாள், அழுததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாம்மா சொல்லல," என்றார் பேராசிரியை.

"கஷ்டம்னா நான் பட்டுக்கறேன் மேடம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

பேராசிரியை வீணான நேரத்தைக் கூட்டிக் கொடுத்தார். வக்கீலம்மா எழுதி முடித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், ஒயரிடம் திரையைப் போடச் சொன்னாள்.

"படிங்க மேடம். காலையிலேருந்து அதுக்குத்தானே ஏங்கிட்டிருக்கீங்க."

பேராசிரியை குனிந்து படித்தார். உச்சு என்று சத்தம் வந்தது. போன வருஷம் கேட்ட அதே உச்சு. ஆனால் இந்த முறை கேட்டுவிட்டாள்.

"எது தப்பு மேடம்?"

"தப்பா? ஒண்ணுமில்லியே. அருமையா எழுதியிருக்க."

"அப்ப அந்த உச்சு?"

"எந்த உச்சு?"

வாசலில் நின்ற ஒயர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், நீங்க செய்தித்தாள் படிச்சாக்கூட கொட்டுவீங்க. ராசிபலனுக்கும் கொட்டுவீங்க. எங்க மையத்துல எல்லாருக்கும் தெரியும்."

போன வருஷம் அழித்த பத்திகள் ஒவ்வொன்றாக வக்கீலம்மாவின் நினைவுக்கு வந்தன. எல்லாம் சரியான பத்திகள்.

"போன தடவ நீங்க கொட்டக் கொட்ட, தப்புன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சேன் மேடம்," என்றாள் மெதுவாக.

பேராசிரியை பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் வலித்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா."