நாற்பத்தோராவது துணி

விஞ்ஞானியின் வீட்டில் முதலில் தப்பாக மடிந்துகொண்டது அவளுடைய கணவரின் நீலச் சட்டை. துவைத்துக் காய்ந்து நாற்காலியில் கிடந்தது, சாயங்காலத்துக்குள் கை உள்ளே காலர் வெளியே என்று கன்னாபின்னாவென்று தானாகவே மடிந்துவிட்டது. பிறகு யார் இழுத்தும் பிரியவில்லை. இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைச் சூடேற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு துணியப் பாத்ததில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்ததுதான் அவள் செய்த தவறு. ஒரே வாரத்தில் பக்கத்திலிருந்த தலையணை உறையும் அதே மாதிரி மடிந்தது, உறையைத் தொட்ட துண்டும், துண்டைத் தொட்ட போர்வையும். அவளுக்குத் தெரியாததா? பத்தொன்பது வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்துவந்ததே இதைத்தான். மூளையிலிருக்கும் புரதம் ஒழுங்காக மடிந்தால்தான் வேலை செய்யும். ஒன்று தப்பாக மடிந்தால் தொட்டதையெல்லாம் தன்னைப் போலவே மடித்து, கட்டிகட்டியாகச் சேர்ந்து நரம்பணுவைச் சாகடித்துவிடும்.

வீட்டில் துணி மடிப்பது எப்போதும் கணவர்தான். அவர் மடித்தால் விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கும். அவள் மடித்தால் மூட்டைதான். "ஊருக்கெல்லாம் மடிப்பு ஆராய்ச்சி பண்றே, ஒரு போர்வை மடிக்க வரல. என்ன எலி நீ?" என்பார். ஆய்வுக்கூடத்து எலிகளோடுதான் குடித்தனம் நடத்துகிறாள் என்று கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. நீலச் சட்டை மடிந்த அன்று அவர் எதிர்வீட்டுக்காரரின் பெயரை மறந்தார். போர்வை மடிந்த அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். அவள் தேதி போட்டு நோட்டில் எழுதிவந்தாள்: துணிக்கு ஒரு மறதி, நான்கு வருடத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. நாற்பது துணி ஆனபோது, கதவுக்குப் பின்னால் தனியாக மாட்டியிருந்த தன் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டு எந்தத் துணியிலும் படாமல் காவல் காத்தாள். எப்படித் தொட்டதோ, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோட்டும் மடிந்து கிடந்தது. கணவர் அவளைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்றார்.

அந்த வருடம்தான் அவளுடைய மருந்து பலித்தது. சோதனைக் குழாயில் கட்டிகள் கரைந்தன, எலிகளின் மூளையிலும் கரைந்தன. ஆனால் வழி மறந்த எலிகள் வழியைக் கண்டுபிடிக்கவில்லை. செத்த அணு செத்ததுதான். அந்த முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான், இருந்தாலும் மனசு கேட்குமா? மனிதருக்குக் கொடுக்க அனுமதியில்லாத மருந்து. கோட்டு பிரிந்து அவருக்குத் தன்னை ஞாபகம் வந்தால், வேலையே போனாலும் பரவாயில்லை, அவருக்கும் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து ஒரு சொட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவருக்கு எதிரில் உட்கார்ந்து கோட்டின் மேல் சொட்டை விட்டாள். கோட்டு நிதானமாகப் பிரிந்தது. உள்ளிருந்து அவருடைய குரல், இருபத்தெட்டு வயதுக் குரல், "எலி, சாப்பிட வாயேன்" என்றபடி வெளியே வந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. அவருடைய இரண்டு காதருகிலும் போய்ப் போய்ப் பார்த்தது. நுழைய இடமில்லாமல் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. அவள் வாய்விட்டு அழுதாள்.

அவர் எழுந்து வந்தார். கீழே கிடந்த கோட்டை எடுத்து உதறி, கையோடு கை வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அவள் மடியில் வைத்தார். "அழாதீங்கம்மா. நேரமாச்சு, வீட்ல உங்களத் தேடுவாங்க. கெளம்புங்க" என்றார். அவள் "சரிங்க" என்றாள்.

மிச்சமிருந்த நாற்பதையும் அவள் பிரிக்கவே இல்லை. அவற்றின் நடுவில்தான் அந்தக் கோட்டையும் வைத்தாள், வேலைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். அவர் காலமாகிப் பதினோரு வருடமாகிறது. சுற்றிலும் நாற்பது துணிகள் தொட்டுக்கொண்டிருந்தும், அவர் மடித்த கோட்டு மட்டும் அவர் மடித்தபடியே இருக்கிறது.