அறுபத்து மூன்றுக்கு மேல்

விடியும்போதே அவர்கள் மூவரும் கேபிள் அறைக்குள் இருந்தார்கள். தரைக்குக் கீழே உள்ள அறை. தலை குனிந்து, முழங்காலை மடக்கித்தான் நகர முடியும். சுவரெல்லாம் ஈரம். பழைய செம்பின் பச்சைக் களிம்பு விரலிடுக்கில் ஏறி எரிந்தது. அவள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. சோதனை மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவதால் எல்லோருக்கும் மீட்டரக்கா. கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி.

பழைய செப்பு லைன் ஒவ்வொன்றும் நொடிக்கு இரண்டு மெகாபிட் தகவல் சுமக்கும். அவற்றையெல்லாம் நொடிக்கு நூற்றைம்பத்தைந்து மெகாபிட் ஓடும் ஒரே கண்ணாடி இழைக்கு மாற்ற வேண்டும். ஒட்டுக்காரர் இழையை ஒட்டி முடித்திருந்தார். அவள் ஒவ்வொரு லைனாக ஏற்றிச் சோதிப்பாள். முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் மறுமுனையில் ஒருவர், முகம் தெரியாதவர், போனில் "வருதுங்க" என்பார். அதன்பிறகு கொழுந்தன் பழைய கேபிளை வெட்டுவான்.

காலை எட்டு மணிக்கு அறுபத்து மூன்றாவது லைன் ஏறியது. அடுத்ததை மாட்ட, லைன்களை இழையில் ஏற்றும் பெட்டியில் துளை இல்லை. சோதனைத் தாளிலோ எழுபத்தேழு லைன்.

எங்கே பிசகியது என்று அவளுக்கு உடனே புரிந்தது. யாரோ மேசையில் உட்கார்ந்து நூற்றைம்பத்தைந்தை இரண்டால் வகுத்திருக்கிறார்கள். இழையில் எந்த லைனும் வெறும் உடம்போடு ஏறாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. மும்மூன்றாக ஒரு கட்டு, ஏழு கட்டுக்கு ஒரு மூட்டை, மொத்தம் மூன்று மூட்டை. அறுபத்து மூன்றோடு சரி. மீதி இடத்தை உறைகளும் முகவரிகளும் தின்றுவிடும்.

ஒன்பது மணிக்குக் கான்ட்ராக்டர் இறங்கி வந்தார். செம்பை ஏற்றப் பழைய இரும்புக் கடை லாரியை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"மிச்சம் பதினாலு எங்க?"

"இடமில்ல சார்."

"வகுத்தா எழுபத்தேழு வருது. அஞ்சாவது படிக்கிற என் பொண்ணே போட்டுருவா."

"பாப்பா போட்ட கணக்கு சரிதான் சார். ஆனா பஸ்ஸோட நீளத்தை ஆளோட அகலத்தால வகுத்தா சீட்டு எத்தனைன்னு தெரிஞ்சிருமா?"

"டிரைவரே வெளிய தொங்கணும்" என்றார் ஒட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை.

இன்னொரு பெட்டி வேண்டும் என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டால் தன் திட்டம் தப்பென்று ஆகிவிடும், முடியாது என்றார் அவர். எழுபத்தேழும் சோதித்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செம்பு மொத்தமும் இன்றைக்கே லாரியில் ஏற வேண்டும். புகார் வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவள் தாளில் எழுபத்தொன்றாவது வரியைக் காட்டினாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை.

"ஏன், அவங்ககிட்ட செல்போன் இருக்காதா?" என்றார் அவர். பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் அவளும் கொழுந்தனும் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கொழுந்தன் அவள் பக்கம் நகர்ந்தான். அவன் குழந்தைக்கு இருபது நாள். "போட்டுருங்க அண்ணி. வீட்ல பால் டப்பா தீந்துபோச்சு."

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு கிறுக்கல். அதன்பிறகு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். இப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஒருவரை அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேனா தாள்வரை போய்விட்டது. அங்கேயே நின்றது.

"எழுபத்தொண்ணை முதல்ல நீ வெட்டு" என்றாள். "அப்புறம் போடறேன்."

அவன் கேபிள் கத்தரியோடு மண்டியிட்டான். கேபிளைக் கத்தரியின் வாய்க்குள் கொடுத்தான். அவள் மீட்டரை அந்த லைனில் பொருத்தி அவன் பக்கம் திருப்பினாள். எண்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

அவன் கை அசையவில்லை. "பேசிக்கிட்டிருக்காங்க அண்ணி."

பிறகு கத்தரியை உருவி, படிக்குப் போய்க் கான்ட்ராக்டரிடம் நீட்டினான். "நீங்களே வெட்டுங்க சார்."

அவர் வாங்கவில்லை. நாளைக்கு வேறு ஆட்களை இறக்குவேன் என்றார்.

"இறக்குங்க" என்றார் ஒட்டுக்காரர். "அவங்களுக்கும் அறுபத்து மூணு ஓட்டைதான்."

கான்ட்ராக்டர் மேலே போனதும் லாரியோடு வந்த சுமையாட்கள் இருவர் கீழே எட்டிப் பார்த்தார்கள். வெட்ட வேண்டிய கம்பியில் இன்னும் ஆட்கள் பேசுகிறார்கள் என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்றார்கள். இறங்கி வந்து, மீதமிருந்த செம்புக்கு முன்னால் இவர்களோடு உட்கார்ந்தார்கள்.

அவள் மறுமுனைக்காரரிடம் நடந்ததைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் யாரிடமோ பேசும் குரல் கேட்டது.

"இங்க நாலு பேர் இருக்கோம்க்கா. நாங்களும் போடல."

அவள் சோதனைத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அறுபத்து மூன்று ஏறியது, பதினாலுக்கு இடமில்லை, இன்னொரு பெட்டி வரும்வரை செம்பை வெட்ட மாட்டோம் என்று எழுதினாள். வேலையைக் கொடுத்த கம்பெனிக்கு நேராகவே அனுப்புவது என்று முடிவாயிற்று. மேலே கான்ட்ராக்டர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். லாரி இன்னும் வாசலைவிட்டு நகரவில்லை.

கொழுந்தன் பேனாவை வாங்கினான். தன் பெயரை முதலில் எழுதிவிட்டுப் போனுக்குக் குனிந்தான்.

"உங்க நாலு பேர் பேரும் சொல்லுங்க. மெதுவா."