அத்தை அளவு இறக்கை

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. அத்தைக்கு அளவெடுக்கும்போது கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னேன். சட்டைக்கு அப்படித்தான் எடுப்போம். ஆனால் இறக்கை கட்டியவள் கையைத் தூக்காமல் இருப்பாளா? கம்பியை வளைத்துக் கட்டியதும் தூக்கினாள், அது அக்குளில் குத்திவிட்டது. மறுபடி அளவெடுக்க வேண்டும். எனக்கு இந்தத் தொழில் வருமா என்றே தெரியவில்லை.

நாட்குறிப்பில் எழுதி முடித்ததை ஒருமுறை படித்துப் பார்த்து, 'சின்னத் தவறு' என்பதில் 'சின்ன'வை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். பகலில் பார்சல் அலுவலகத்தில் முகவரிச் சீட்டு ஒட்டுகிறாள், மாலையில் தையல் வகுப்புக்குப் போகிறாள். எதையும் இரண்டு தரம் அளப்பாள், மூன்றாம் தரம் சந்தேகப்படுவாள். அதனால் அத்தை அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேல்.

அத்தை அப்பாவின் அக்கா. ஸ்கேலோடும் அப்பாவோடும் ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். உடம்பு பெரியது, குரல் அதைவிடப் பெரியது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் துப்புரவு வேலை. அங்கே ஆண்டு விழாவில் மாறுவேட அணிவகுப்பு உண்டு. மற்றவர்கள் ராஜாவாகவும் கொள்ளைக்காரனாகவும் மேடையில் நடந்துவிட்டுப் போவார்கள். உதிர்ந்த ஜிகினாவையெல்லாம் அத்தை கூட்டி அள்ளுவாள். இந்த முறை அறிவிப்புப் பலகையில் 'ஊழியர் அனைவரும்' என்று போட்டிருந்தது. அத்தை நேரே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். என்ன வேடம் என்று கேட்டதற்கு, தேவதை என்றாள்.

மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு யோசனை சொன்னாராம். துடைப்பத்தோடு வந்தால் சூனியக்காரி வேடம் ஆயிற்று, செலவே இல்லை என்று.

"துடைப்பம் ஆபீஸோடதுதானே சார், நீங்களே வெச்சுக்குங்க. நான் இறக்கையோட வரேன்" என்றாளாம் அத்தை.

வீட்டில் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வயதில் இது தேவையா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தார்.

"வருஷா வருஷம் ஜிகினாவை நான்தான்டா கூட்டறேன்" என்றாள் அத்தை. "இந்த வருஷம் நான் கொட்டறேன். வேற யாராவது கூட்டட்டும்."

இறக்கை செய்யும் வேலை ஸ்கேலின் தலையில் விழுந்தது.

குத்திய கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மறுநாள் வகுப்பில் டீச்சரிடம் இறக்கைக்கு மாதிரித் தாள் கேட்டாள். துணி மாட்டும் கம்பியை எப்படி வளைக்கலாம், பழைய வலைத்திரையை எப்படி இழுத்துக் கட்டலாம் என்றெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, டீச்சர் சாதாரணமாகக் கேட்டார்: எந்தக் குழந்தைக்கு?

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடாயிற்று. சொந்தத்தில் ஒரு பாப்பாவுக்கு, ஏழு வயது என்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் பாப்பா அளவுக்குத் தாள் வெட்டிக் கொடுத்தார். அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம்தான் பெரிதாக்கினாள். கம்பி முனைகளுக்குப் பஞ்சு வைத்தாள், ஓரத்தில் ஜிகினா ஒட்டினாள், தோளுக்கு எலாஸ்டிக் தைத்தாள். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அவ்வளவு சுத்தமாக அவள் எதுவும் தைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை அதை மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன் நின்றாள். நேராக நின்று பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். மறுபடி நேராக நின்றாள்.

"எங்கடி இறக்கை?"

"முதுகுல இருக்கு அத்தை."

"முதுகுல இருக்குன்னு எனக்குத் தெரியுது, அரிக்குது. முன்னாடி நிக்கிறவனுக்குத் தெரியணுமா இல்லையா?"

அத்தையின் தோள்களுக்குப் பின்னால் இறக்கை மொத்தமும் மறைந்துபோயிருந்தது. பாவாடையில் ஒட்டிய தும்பு கூட அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தாளில் பிழை என்றாள் ஸ்கேல். மறுபடி அளந்து பார்க்கிறேன் என்றாள். அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேலு, நீ அளவுல தப்பு பண்றவ இல்ல. நான் தெரியணும்னு கேட்டேன். நீ தெரியக்கூடாதுன்னு தச்சிருக்க."

அத்தை இறக்கையை மெல்லக் கழற்றி, மடங்காமல் கட்டில்மேல் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஸ்கேல் எழுந்து நின்றாள். இறக்கை பாப்பாவுக்கு இல்லை, என் அத்தைக்கு, அவளுக்கு ஐம்பத்தாறு வயது, பெரிய அளவில் தாள் வேண்டும் என்றாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. டீச்சர் அவ்வளவு பெரிய அளவுக்குத் தாளே கிடையாது, யாரும் கேட்டதில்லை என்றார்.

"அப்ப நானே போட்டுக்கறேன்" என்றாள்.

அன்று மாலை கூடத்தில் செய்தித்தாள்களை ஒட்டிப் பரப்பி, அத்தையை அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, கையை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரிக்கச் சொன்னாள். ஒரு கை நாற்காலிக் காலைத் தொட்டது, இன்னொரு கை வாசற்படியைத் தொட்டது. கரிக்கட்டியால் அவளைச் சுற்றி வரைந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து, அக்காவைத் தாண்டிப் போக வழியில்லாமல் வாசலிலேயே செருப்போடு நின்றார்.

"விழுந்துட்டியா அக்கா?"

"பறக்கறேன்டா. ஓரமா நில்லு."

கம்பி போதவில்லை. வீட்டில் இருந்த துணி மாட்டிகளையெல்லாம் குறடு போட்டு நிமிர்த்தியதில், அப்பாவின் சட்டைகள் ஆணியில் தொங்கின. கூடத்து ஜன்னல் திரையும் இறக்கைக்குப் போயிற்று. வியாழக்கிழமை இறக்கை முடிந்து சுவரில் சாய்ந்து நின்றபோது, அதற்குப் பின்னால் அலமாரியே தெரியவில்லை.

அன்றைக்கென்று அத்தை வீட்டுக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலக வராந்தாவில் எல்லார் முன்னாலும் மேற்பார்வையாளர், நாளைக்கு மேடை தாங்குமா என்று தச்சரைக் கேட்டு வைக்க வேண்டும் என்றாராம். சிரித்தவர்களில், தினமும் அத்தை கையால் தேநீர் வாங்கிக் குடிக்கும் தட்டச்சுப் பெண்ணும் ஒருத்தி.

"பெட்ஷீட்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிடலாம்" என்றாள் அத்தை. "அங்க போய்ப் பாத்துக்கலாம். மாட்டினா மாட்டறேன், இல்லன்னா இல்ல."

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். அதுதான் சரி, பின்சந்து வழியாகப் போனால் யார் கண்ணிலும் படாது என்றார். போன வாரம்வரை ஸ்கேலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். மடித்த பெட்ஷீட் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதை எடுத்துப் போய் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"சுத்த மாட்டேன் அத்தை. சுத்தி ஒளிச்சு வெக்கவா இவ்வளவு பெருசா செஞ்சேன்?"

"சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். வாய் அவங்களுது, இறக்கை நம்மளுது."

அத்தை சுவரில் சாய்ந்திருந்ததை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நம்ம வாசல்லயே நுழையாது."

"பக்கவாட்டுல போவோம்."

"நண்டு மாதிரியா?"

"நண்டு மாதிரிதான்."

அத்தையின் வாய் ஓரம் மெல்ல இழுபட்டது. எழுந்து போய், நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைப் பாவாடையை இஸ்திரி போட ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட அழுத்தித்தான் தேய்த்தாள். அப்பா தன் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன். வேலை முடிந்தது. இடது இறக்கை வலதைவிட அரை விரல் உயரம், தெரிந்தால் தெரியட்டும். நாளை காலை இறக்கையை வீட்டிலேயே அத்தைக்குக் கட்ட வேண்டும். பெரிய தெரு வழியாக நடந்து போக வேண்டும்.