லாசெல்ஸின் வெள்ளைச் சட்டை

சட்டையைத் தொட்டிக்குள் அமிழ்த்தப் போன கையை ஐவி பாதியிலேயே நிறுத்தினாள்.

அவள் கணவன் லாசெல்ஸை நாளைக்கு இந்தச் சட்டையில்தான் புதைக்க வேண்டும். குழாயில் இந்த வாரம் முழுக்க வெறும் காற்றுதான் வந்தது. கிடைப்பது ஓடைத் தண்ணீர். மேலே சாயப் பட்டறை வந்த நாளிலிருந்து அது நீலமாகத்தான் ஓடுகிறது. தொட்டியில் மகள் ஷெர்னெட் தெளிய வைத்திருந்ததும் காலையில் நீலமாக இருந்த தண்ணீர்தான்.

"என்ன ஐவி, பயந்துட்டியா?" கொல்லையில் வெட்டிக்கொண்டிருந்த சவக்குழியிலிருந்து பக்கத்து வீட்டு மாஸ் கிளைவ் தலையை நீட்டினார். கையில் ரம் பாட்டில். "நீ சொன்னத ஊரே கேட்டிருக்கு!"

கேட்காமல் என்ன? ஓடையின் சாயத்தை எடுக்க, கடற்கரையில் ஒதுங்கி அழுகும் பாசியை அள்ளி வந்து, அலுமினா ஆலை கழித்துக் கொட்டிய செஞ்சேற்றில் பிசைந்து, மூடிய பீப்பாயில் சுட்டுக் கரிமணியாக்க வேண்டும். இதற்கான படிப்பு மகளுடையது, புகை லாசெல்ஸுடையது. அந்த நாற்றம் ஐவியோடு சந்தைக்கும் போனது. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே கிழங்கின் விலையைக் குறைத்தார்கள். ஒருநாள் நடுச்சந்தையில் லாசெல்ஸைப் பார்த்து வெடித்துவிட்டாள்: "இந்தக் கரிய வச்சு ஓடைத் தண்ணியில ஒரு வெள்ளைச் சட்டைய வெள்ளையாவே தோச்சுக் காட்டுய்யா. உன் சாவுல நான் ஆடுறேன்!"

அன்றிலிருந்து லாசெல்ஸ் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "என் சாவுக்கு மறக்காம வந்துடுங்க, ஐவி ஆடுறா" என்று அழைப்பு வைத்தான். போன வாரம் பாசி மூட்டையோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"தொட்டியில கரியோட முடி வெளுக்குற மருந்தும் ஊத்துனியே, அதுதான் நீலத்த எடுத்திருக்கும்," என்றாள் ஐவி மகளிடம். சந்தைக்காரி லேசில் விடுவாளா?

ஷெர்னெட் பக்கத்து வாளியைக் காலால் நகர்த்தினாள். "இதுல மருந்து மட்டும்தான் ஊத்துனேன். பாரும்மா, அப்படியே நீலம். கரிமணி தரகர் மாதிரி. மருந்தையும் சாயத்தையும் மோதவிட்டுச் சாயத்த ஒழிச்சுக் கட்டும். தனக்கு ஒண்ணும் ஆகாது. எடுத்து மறுபடி போடலாம்."

"கமிஷன்?"

"கேக்காது."

"அப்ப உங்கப்பன் மாதிரிதான். அந்தாளுக்கும் கேக்கத் தெரியாது."

குழிக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது.

சட்டை நீலமாக வந்தால் ஆட வேண்டியதில்லை. ஆனால் அவன் நீலக் கறையோடு போவான். ஐவி சட்டையை முக்கினாள். சோப்புப் போட்டாள். கசக்கினாள், அலசினாள், பிழிந்தாள். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வாங்க மனமில்லாதவள் சரக்கைப் பார்ப்பதுபோலக் காலரைப் புரட்டினாள். அக்குளைப் பார்த்தாள். பொத்தானுக்கு அடியில் பார்த்தாள்.

துக்கத்துக்கு வந்து முற்றத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையை ஓங்கிய கையோடு நின்றார்கள்.

"சொல்லுடி," என்றார் மாஸ் கிளைவ்.

"வெள்ளைதான்," என்றாள், விலை படிந்தவள்போல.

மாஸ் கிளைவ் மண்வெட்டியைப் பாட்டிலால் தாளமாகத் தட்டத் தொடங்கினார். கறிப்பானையின் மூடி ஒன்று சேர்ந்துகொண்டது.

ஐவி சட்டையைக் கொடியில் உதறிப் போட்டாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, சட்டையிலிருந்து சொட்டுவது மேலே விழாத இடமாகப் பார்த்து, ஜோடியாக வைத்தாள்.