பின்கதவு விளக்கு

மனைவி இறந்தபின் வாரன், ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டனில் இருந்த தன் வீட்டுச் சமையலறையைத் தானே புதுப்பிக்க அரசு உரிமம் வாங்கினார். கட்டட ஒப்பந்ததாரரை வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அப்புறம் பொழுதை எப்படித் தள்ளுவது? மின்கம்பியை மட்டும் சட்டப்படி அவர் தொடக்கூடாது. அதனால் எலக்ட்ரீஷியன் டெரன்ஸ் அடிக்கடி வந்தான், தேநீர் குடித்தான்.

இன்று கடைசி சுவிட்சும் பொருத்தியாயிற்று.

“வயரிங் நேரா இருக்கு வாரன். உங்க அலமாரிக் கதவுதான் கோணல்.”

வாரன் சிரித்தபடி, டெரன்ஸுக்காகப் போட்டிருந்த இரண்டாவது நாற்காலியை மடக்கினார். “இனி நீ வர வேண்டியிருக்காது.”

டெரன்ஸ் அந்த நாற்காலியைப் பார்த்தான். “பின்கதவு விளக்கைப் பார்க்கணும். வியாழக்கிழமை வரேன்.”

“அது நல்லாத்தானே எரியுது?”

“எரியுது. இருந்தாலும் பார்க்கணும். காசு வேணாம், கேக் போதும்.”

வாரன் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லி, நாற்காலியை மறுபடி விரித்தார்.