ஆறாம் கட்டிலுக்கு நெஞ்சுப் படம்

மலேசியாவில் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டிய உடையப்பன் புலியைப் பார்த்திருக்கிறார். புலியும் அவரைப் பார்த்திருக்கிறது. இரண்டு பேரில் யார் முதலில் திரும்பி நடந்தது என்பதில் மட்டும் தாப்பாவில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. முதலாளி தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியதும் ஈப்போவுக்கு வந்து ஒரு பலகைக் கிடங்கில் காவலுக்கு நின்றார். அங்கேயும் திருடன் ஒருவன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சைக்கிளையே விட்டுவிட்டு ஓடியதாகச் சொல்வார்கள். சைக்கிளை நானே ஓட்டியிருக்கிறேன் என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது.

அப்படிப்பட்டவர், ஒரு பலகையைத் தூக்கப்போய் வலது அடிவயிற்றில் குடல் இறங்கி, 1988-இல் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆறாம் கட்டிலில் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தார். பத்து மணிக்கு ஆப்பரேஷன். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

கட்டிலுக்கு நேர் எதிரே வார்டு மேசை. அதன் மேல் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர். பச்சை எழுத்தில் வார்டில் இருக்கிற ஆறு பேரின் பெயரும் கட்டில் வரிசைப்படி வரும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் படம். எழுத்துப் படிக்காத சிப்பந்திகளுக்காக அந்தப் படங்கள். கரண்டி என்றால் சாப்பாடு கொடுக்கலாம். பை என்றால் வீட்டுக்குப் போகலாம். கத்திரிக்கோல் என்றால் ஆப்பரேஷன். தள்ளுவண்டி தள்ளும் பத்துமலை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆட்களைத் தள்ளுவான். உடையப்பன் பெயருக்குப் பக்கத்தில் நேற்று சாயங்காலம் கத்திரிக்கோல் இருந்தது. அவரே பார்த்தார். அதற்கே அவருக்கு வேர்த்திருந்தது.

காலையில் பார்த்தால் கத்திரிக்கோலைக் காணோம்.

அந்த இடத்தில் ஒரு நெஞ்சு இருந்தது. சினிமா போஸ்டரில் காதலன் காதலிக்கு நடுவில் வரைவார்களே, அதே நெஞ்சு. மற்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் கண்ணும் வாயும் வைத்த சின்னச் சின்ன முகங்கள், பல்லைக் காட்டிக்கொண்டு. நாலாம் கட்டில்காரர், பாரிட் புந்தாரிலிருந்து வந்த வயசாளி. அவர் பெயருக்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டில் வரும் இஸ்பேட்.

உடையப்பன் எழுந்து கக்கூசுக்குப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். நாலாம் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு சிப்பந்தி கட்டில் கம்பிக்கு மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டிலில் ஏறிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நெஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். அது தோட்டத்து லாரி மேடேறுவது போல அடித்தது.

"என்னா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி செல்லாயி. அவளும் அதே தோட்டத்தில் பால் வெட்டியவள்.

"செல்லாயி, அங்க பாரு. எனக்கு நெஞ்சு போட்டிருக்கான்."

"ஒங்களுக்கு அடிவயிறுதானே?"

"அதத்தான் நானும் சொல்றேன்! நாலாம் கட்டிலுக்கு இஸ்பேட் போட்டான், ஆளையே காணோம்."

மேசையில் கிளார்க் லியோனார்ட் அதே கம்ப்யூட்டரின் வாயில் ஒரு சதுர டிஸ்கெட்டைச் செருகுவதும் உருவுவதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் அது கல்லைப் போட்டு மாவரைக்கிற மாதிரிக் கத்தியது. கடைசியில் டிஸ்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஜீசஸ்," என்று தலையில் கை வைத்தான்.

டிஸ்கெட்டின் உறையில் நீளமாக ஒரு பொந்து இருக்கும். உள்ளே தெரியும் பழுப்புத் தட்டைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். அதன் மேல் அழகான ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"பத்துமலை! இங்க வா லா!"

பத்துமலை வந்தான். முந்தின நாள் சாயங்காலம் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி, சோற்று வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூஜை போட்டவன் அவன்தான். பூஜை நேரத்தில் லியோனார்ட் மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டான். மாதா கோயில் ஆள் என்பதால். பத்துமலை எதையும் விட்டுவைக்கவில்லை.

"இதுக்கும் பொட்டு வச்சியா?"

"வைக்காம? எல்லாத்துக்கும் வச்சுட்டு இத மட்டும் விட்டா மனசு கஷ்டப்படாதா? அதுல கண்ணு மாதிரி ஒரு எடம் இருந்துச்சு. அதுக்கு மேல நெத்தி இல்ல. அதான் கண்ணுலயே வச்சேன்."

லியோனார்ட் டிஸ்கெட்டை மேசை மேல் வைத்தான். உடையப்பன் கட்டிலிலிருந்து கேட்டார். "தம்பி, அந்த நெஞ்சு என்னா?"

"பயப்படாதீங்க அங்கிள். கத்திரிக்கோல், கரண்டி, பை எல்லாப் படமும் இந்த டிஸ்கெட்லதான் இருக்கு. இதப் படிக்கலேன்னா கம்ப்யூட்டர் தன்கிட்ட இருக்கிற படத்த எடுத்துக் காட்டும். கத்திரிக்கோல் வர்ற எடத்துல அதுகிட்ட இருக்கறது நெஞ்சு. பை வர்ற எடத்துல இஸ்பேட். நாலாம் நம்பர் தாத்தா இந்நேரம் டாக்சியில வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்காரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அதுகிட்ட எத்தனை நெஞ்சு இருக்கோ எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒண்ணுதான்பா இருக்கு."

"இருங்க, ஆப்பரேஷன் ரூமுக்குப் போயிச் சொல்லிட்டு வாரேன்," என்று லியோனார்ட் படிக்கட்டில் ஓடினான்.

அவன் போனதும் பத்துமலை கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தான். உடையப்பனை ஒரு தடவை பார்த்தான். பிறகு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கட்டிலோடு ஒட்டி நிறுத்தினான்.

"ஏறுங்க அண்ணே."

"எங்க?"

"மூணாம் மாடி. கோலாலம்பூர்லருந்து நெஞ்சு டாக்டர் இன்னிக்கு வந்திருக்காரு."

"டேய், எனக்குக் குடலிறக்கம்டா! அந்தத் தம்பி இப்பத்தானே சொல்லிட்டுப் போனான்?"

"அவரு நேத்து பொட்டு வைக்கக்கூட உள்ள வரல. அவருக்கு என்னா தெரியும்? அண்ணே, நான் எழுத்து படிச்சதில்ல. ஆனா படத்தப் பாத்து ஒரு ஆளக்கூட இதுவரைக்கும் தப்பாத் தள்ளினதில்ல. படம் மாறிடுச்சுன்னா டாக்டர் மாத்தியிருப்பாரு. நமக்குத் தெரியாத நோவு ஒடம்புக்குள்ள எத்தனையோ இருக்கும்."

உடையப்பன் ஓடினார். ஆஸ்பத்திரிச் சட்டைக்குப் பின்பக்கம் கிடையாது என்பது அவருக்குப் படிக்கட்டுக் காற்று பட்டபோதுதான் தெரிந்தது. நாலு படி இறங்கினார். ஐந்தாவது படியில் அடிவயிற்றில் யாரோ கொக்கி போட்டு இழுத்தது போல வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். தொண்டையிலிருந்து எலி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம்தான் என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செல்லாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாம், செல்லாயி."

"போலாம். வழியில கொடல் முறுக்கிச் செத்துப்போங்க. டாக்டர் சொன்னாருல்ல?"

"மேல போனா நெஞ்சப் பொளப்பான்."

செல்லாயி மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். "சட்டையத் தூக்குங்க," என்றாள்.

தோட்டத்தில் ஓய்வுக்கு விட்ட மரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போடுவார்கள். அந்த மரத்தில் கத்தி படக்கூடாது. பால் வெட்டுகிற மரத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கோடு கீறிக் கொடுப்பார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சாயும். செல்லாயி புருஷனின் நெஞ்சில் சுண்ணாம்பால் ஒரு பெரிய வளையம் போட்டாள். அடிவயிற்று வீக்கத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள்.

"எரியுது."

"எரியட்டும். காஞ்சா நல்லா எடுப்பாத் தெரியும்."

அவர் படியேறித் திரும்பி வந்து தள்ளுவண்டியில் ஏறினார். லிஃப்ட்டில் இரண்டு என்று விளக்கு எரிந்தது. மூன்று என்று எரிந்தது. கதவு திறந்ததும் இடது பக்கம் ஒரு வழி, வலது பக்கம் ஒரு வழி. பத்துமலை இடது பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் ஒரு கதவில், எழுத்துக்குப் பக்கத்தில், பெரிதாகச் சிவப்பு நெஞ்சு வரைந்திருந்தது. உடையப்பன் இரண்டு கையாலும் சுவரைப் பற்றப் பார்த்தார். சுவர் வழுக்கிக்கொண்டு போனது.

"பத்துமலை! எங்க கொண்டு போற?" வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். நர்ஸ் ஹில்டா. கையில் காகிதம், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு லியோனார்ட். "உடையப்பன், குடலிறக்கம், வலது பக்கம். எங்கிட்ட எழுதியிருக்கு. இந்தப் பக்கம் திருப்பு."

பத்துமலை மனசில்லாமல் திருப்பினான்.

உள்ளே போய்ச் சட்டையை விலக்கிய ஹில்டா அப்படியே நின்றாள். "ஐயோ அங்கிள், இது என்ன கோலம்?"

"வெட்டுக்கோடும்மா. டாக்டருக்குக் காட்டிடு. மேல இருக்கறது ஓய்வு மரம்."

"சுண்ணாம்பு இருந்தா வெட்ட முடியாது. தொடைக்கணும்," என்று பஞ்சில் மருந்தை நனைத்தாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புலியிடம் கூட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார். "கீழ தொடச்சுக்க. மேல மட்டும் விட்டுடு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

ஹில்டா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே மட்டும் துடைத்தாள். நெஞ்சின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்தி, "அங்க எங்களுக்கு வேலையே இல்ல அங்கிள்," என்றாள். முகமூடி இறங்கி வந்தது. பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள். உடையப்பன் ஏழு வரைக்கும் எண்ணினார். அதற்குள் மூன்று குலசாமியையும், பயத்தில் ஒரு மாதாவையும் கூப்பிட்டுவிட்டார்.

கண் விழித்தபோது மத்தியானம். வாயெல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது. அவர் கை மெதுவாக நகர்ந்து, வயிற்றைத் தாண்டி, மேலே ஏறி, நெஞ்சை அடைந்தது. கட்டு இல்லை. காய்ந்த சுண்ணாம்பு விரலில் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே அது அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை தடவினார்.

"கைய எடுங்க," என்றாள் செல்லாயி. "நான் எல்லா எடமும் பாத்துட்டேன். ஒரு வெட்டுதான்."